வாசகர் கேள்வி: பிரெஞ்சுச் சொல்லை எங்கே வெட்டுவது?

இந்த மாதம் பிரெஞ்சுக் கேள்விகள் மட்டும். சொல்லை அசை பிரிப்பது எப்படி என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே குடும்பத்துச் சொற்கள் ஏன் எழுத்து மாறுகின்றன என்று மற்றவர்கள். இவை தனித்தனிப் பாடங்கள் அல்ல. அசை ஒழுங்காகப் பிரிக்க வந்துவிட்டால், எழுத்து மாறுவதில் பெரும்பகுதிக்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. பிரெஞ்சுச் சொற்களை ஒலிக்கு ஏற்பத் தமிழில் எழுதியிருக்கிறோம். (ன்) என்று அடைப்புக்குள் வந்தால் அது மூக்கொலி மட்டும். நாக்கு மேலே தொடாது. எழுத்தின் பெயரைச் சொல்லும்போது 'இ' என்பது ஆங்கில அகரவரிசையின் ஐந்தாம் எழுத்து. 'பீ' பினாங்கின் முதல் எழுத்து, 'பி' பட்டர்வொர்த்தின் முதல் எழுத்து. 'டீ' தைப்பிங்குக்கு, 'டி' டாமான்சாராவுக்கு.

மகள் படிவம் நான்கில் பிரெஞ்சு எடுக்கிறாள். 'தாப்லோ' என்ற சொல்லை தாப்-லோ என்று பிரித்தாள். ஆசிரியர் தவறு என்றாராம். மலாய் சுக்கு காத்தா (அசை பிரிப்பு) அவளுக்கு நன்றாக வரும். பிரெஞ்சில் மட்டும் ஏன் இடிக்கிறது? – வாசகி, பாயான் பாரு

அவள் தமிழ்க் காதால் வெட்டியிருக்கிறாள். தமிழில் புள்ளி வைத்த எழுத்து எப்போதும் முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டும். 'ப்லோ' என்று ஓர் அசை தொடங்கவே தொடங்காது. பிரெஞ்சில் தாராளமாகத் தொடங்கும். 'தாப்லோ' (ஓவியம், கரும்பலகை) தா-ப்லோ என்றுதான் பிரியும்.

இரண்டு உயிரொலிக்கு நடுவே ஒரே ஒரு மெய் இருந்தால் அது பின்னால் போகும்: கா-மா-ராத் (தோழன்). இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கொன்று: மெர்-சி, பார்-தீர் (கிளம்புதல்). இதுவரை தமிழ்ப் பழக்கம் கைகொடுக்கும். இரண்டாவது மெய் எல் அல்லது ஆர் ஆக இருந்து, முதல் மெய் பீ, பி, டீ, டி, சி, ஜி, எஃப், வி ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் ஜோடியைப் பிரிக்கக்கூடாது: ஏ-க்ரா(ன்) (திரை), ப்ரோ-ப்ளெம், லீ-வ்ர் (புத்தகம்). டீ-எல், டி-எல் மட்டும் இந்த ஜோடியில் சேராது, அவை பிரியும். இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி தருபவையும் பிரியா. சி-எச், பீ-எச், டீ-எச், ஜி-என் ஆகியவை அந்த வகை. கடைசியாகச் சொன்னது நம்முடைய 'ஞ' தான்: மோ(ன்)-தாஞ் (மலை).

மூன்று மெய் வந்தால் முதலில் கடைசி இரண்டைப் பாருங்கள். பிரியாத ஜோடி என்றால் அதற்கு முன் வெட்டு: ஆர்-ப்ர் (மரம்), எஸ்-ப்ரி (மனம்). ஜோடி இல்லையென்றால் கடைசி மெய்க்கு முன் வெட்டு: ஒப்ஸ்-க்யூர் (இருண்ட).

மாணவர்கள் அதிகம் சறுக்குவது இரட்டை மெய்யில். 'ஒம்' (ஆண்) என்ற சொல்லில் எம் இரண்டு. எழுத்தில் அவற்றின் நடுவே வெட்டுகிறோம். வாயில் ஒரு 'ம்' போதும். 'அம்மா'வில் வருவது போல் அழுத்தினால் பிரெஞ்சுக்காரருக்கு விநோதமாக இருக்கும். இன்னொன்று, சொல்லின் கடைசியில் நாம் பழக்கத்தில் ஒட்டும் உகரம். 'லீவ்ர்' நம் வாயில் 'லிவரு' ஆகி ஓர் அசை கூடிவிடுகிறது.

எழுத்தின் அசையும் பேச்சின் அசையும் எண்ணிக்கையில் ஒத்துப்போகாது என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். 'சாம்தி' (சனிக்கிழமை) எழுத்தில் மூன்று அசை. நடுவில் இருக்கும் 'இ' பேச்சில் விழுந்துவிடுவதால் இரண்டு. மரபுக் கவிதையில் அதே 'இ' உயிர்பெற்று எண்ணப்படும். 12 அசை கொண்ட அலெக்சாந்த்ரின் அடியில், மெய்க்கு முன் வரும் 'இ' கணக்கில் சேரும். உயிருக்கு முன்னாலும் அடியின் கடைசியிலும் சேராது. குற்றியலுகரம் உயிருக்கு முன் கெடுவதைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

'ரெக்ல்' (விதி) என்றால் 'இ' எழுத்தின் மேல் இடமிருந்து வலம் இறங்கும் கோடு, 'ரேக்லே' (ஒழுங்குபடுத்து) என்றால் ஏறும் கோடு, 'தெர்' (நிலம்) என்றால் கோடே இல்லை. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா? 1990 எழுத்துத் திருத்தம் என்கிறார்களே, அதன்படி எழுதினால் டெல்ஃப் (பிரெஞ்சு மொழித்திறன்) தேர்வில் மதிப்பெண் போகுமா? – கல்லூரி மாணவர், பிரிக்ஃபீல்ட்ஸ்

வழி உண்டு, தம்பி. முதலில் சொல்லை எழுத்துப்படி வெட்டுங்கள். பிறகு 'இ' எழுத்து அசையின் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

'இ'க்குப் பின்னால் அதே அசையிலேயே ஒரு மெய் இருந்தால் கோடு கிடையாது. தெர் என்ற சொல்லில் ஆர் இரண்டு. முதல் ஆர் முன் அசையை அடைத்துவிடுகிறது. பெர்-த்ர் (இழ), எஸ்-ப்ரி இரண்டும் அப்படியே. இரட்டை மெய்க்கு முன்னால் கோடு போட்டால் பிழை என்பதன் காரணமும் இதுதான். எக்ஸ் எழுத்து இரண்டு ஒலியைச் சுமப்பதால் அதற்கு முன்னாலும் கோடு வராது: 'எக்ஸாமே(ன்)' (தேர்வு). திருத்தும் தாள்களில் இந்தச் சொல்லின் தலையில்தான் தேவையில்லாத கோடு அதிகம் தென்படும்.

அசை 'இ'யிலேயே முடிந்தால் அடுத்த அசையைப் பாருங்கள். அது ஒலிக்காத 'இ' கொண்ட அசை என்றால் இறங்கும் கோடு, ஒலி 'எ', வாய் நன்றாகத் திறக்கும். அடுத்தது முழு அசை என்றால் ஏறும் கோடு, ஒலி 'ஏ'. குடும்பங்கள் முழுக்க இந்த ஊசலாட்டம்தான்: மிஸ்தெர் (மர்மம்) இறங்கும், மிஸ்தேர்யே (மர்மமான) ஏறும். சேலெப்ர் (புகழ்பெற்ற), சேலேப்ரிதே (புகழ்). க்ரெம், க்ரேமே (க்ரீம் போன்ற). வினைச்சொல்லிலும் இதே கதை: எஸ்பேரே (நம்பிக்கை வை) ஏறும், ஜெஸ்பெர் (நம்புகிறேன்) இறங்கும்.

மூன்றாவது வகை: அசை 'இ'யில் முடிகிறது, ஆனால் கோடே இல்லை. அப்போது அது மங்கிய ஒலி. பெ-தி (சிறிய), ஜெ-தே (எறி). வினை திரியும்போது சிக்கல் இங்கேதான் வருகிறது. 'ஜெதே' வினையில் விகுதி ஒலிக்காத 'இ'யாக மாறினால் மங்கிய அசை இரண்டு அடுத்தடுத்து வரும். பிரெஞ்சு இங்கே அதை ஏற்காது. முன்னதைத் திறந்த 'எ' ஆக்கும். அதற்கு எழுத்தில் இரண்டு உபாயம். ஒன்று, மெய்யை இரட்டித்து அசையை அடைப்பது: 'ஜெத்' (எறிகிறேன்), டீ இரண்டு. இன்னொன்று, இறங்கும் கோடு: 'ஆஷெத்' (வாங்குகிறேன்), டீ ஒன்றுதான். எந்த வினைக்கு எது என்பது பழைய முறைப்படி பட்டியல் பார்த்துத்தான் தெரியும். 1990 பரிந்துரை இதைச் சுருக்கியது: 'ஆப்லே' (அழை), 'ஜெதே' இரண்டும் அவற்றின் குடும்பமும் இரட்டிக்கும், மற்றவை எல்லாம் கோடு.

அந்தப் பரிந்துரை 1990 டிசம்பர் 6ஆம் தேதி பிரெஞ்சு அரசிதழில் வந்தது. 'ஏவென்மா(ன்)' (நிகழ்வு) போன்ற சொற்களில் ஒலி 'எ', ஆனால் பழைய எழுத்தில் ஏறும் கோடு. அதை ஒலிக்கு ஏற்ப இறங்கும் கோடாக எழுதலாம் என்றார்கள். க்ரெம்ரி (பால் பொருள் கடை), செஷ்ரெஸ் (வறட்சி) இரண்டும் அந்த வரிசை. 'மேத்சே(ன்)' (மருத்துவர்) போன்ற சில விதிக்கு அடங்காமல் ஏறும் கோட்டோடேயே இருக்கின்றன. பிரெஞ்சு அகாதமியின் நிலைப்படி இரண்டு எழுத்துமுறையில் எதையும் பிழை என்று சொல்லக்கூடாது. ஆனாலும் ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தால், தெரிந்து எழுதினீர்களா தெரியாமல் எழுதினீர்களா என்ற ஐயம் திருத்துபவருக்கு வரும்.

கடைசி எஸ்ஸுக்கு முன் வரும் கோடு தனி: ப்ரோக்ரெ (முன்னேற்றம்), ஆப்ரெ (பிறகு). எஸ் ஒலிப்பதில்லை, கோடு உண்டு.

'போ(ன்)' (நல்ல) என்பதில் மூக்கொலி. அதன் பெண்பாலில் 'ன்' தெளிவாகக் கேட்கிறது. 'போனேர்' (மகிழ்ச்சி) என்பதிலும் அப்படியே. ஆனால் 'போ(ன்)தே' (நற்குணம்) என்றால் மறுபடி மூக்கு! எதை நம்புவது? – வாசகர், செந்தூல்

என் எழுத்து எந்த அசையில் விழுகிறது என்பதை நம்புங்கள். அசையின் கடைசியில் நின்றால் அது தன் ஒலியை இழந்து முன் உயிரை மூக்கால் ஒலிக்க வைக்கும். அடுத்து உயிர் வந்தால் அடுத்த அசைக்குத் தாவி, முழு 'ன' ஆகிவிடும். 'போனேர்' சொல்லில் நடுவே எச் எழுத்து இருந்தாலும் அது ஊமை, அதனால் போ-னேர். 'போ(ன்)தே'யில் அடுத்து டீ இருக்கிறது. என் தாவ இடமில்லை. ஃபே(ன்) (முடிவு), ஃபி-னீர் (முடி), ஃபி-னால் (இறுதியான) குடும்பத்திலும் இதுவே நடக்கிறது. மெய் இரட்டித்தால் பொதுவாக மூக்கொலி கிடையாது. உங்கள் பெண்பால் சொல் அந்த வகை.

எதிர்மறை முன்னொட்டையும் இப்படிப் பாருங்கள். மலாயில் 'மெ' முன்னொட்டு பூக்குல் என்பதை மெமூக்குல் ஆக்குவதைத் தமிழ்ப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பிரெஞ்சின் ஐ-என் முன்னொட்டும் அடுத்த எழுத்தைப் பார்த்து உருமாறும்: பீ, பி, எம் முன் ஐ-எம், எல் முன் ஐ-எல், ஆர் முன் ஐ-ஆர். ஒலியில்தான் கவனம் வேண்டும். ஏ(ன்)-போ-சீப்ல் (முடியாத) மூக்கொலி. ஆங்கிலப் பழக்கத்தில் 'இம்' என்று தொடங்கினால் உடனே தெரிந்துவிடும். இ-ன்யூ-தில் (பயனற்ற), இ-மொ-பில் (அசையாத) இரண்டிலும் மூக்கொலி இல்லை. விதிவிலக்குகள்: ஏ(ன்)மா(ன்)ஜாப்ல் (தின்ன முடியாத), ஆ(ன்)ம்னே (கூட்டிப் போ), ஆ(ன்)னீவ்ரே (போதையேற்று), ஆ(ன்)ன்வி (சலிப்பு). இவற்றில் மூக்கொலியும் உண்டு, அடுத்த மெய்யும் உண்டு.

பயிற்சிக்கு: 'போ(ன்)' சொல்லி முடித்த நொடியில் நாக்கு நுனி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேல் பல்லுக்குப் பின்னால் தொட்டுக்கொண்டிருந்தால் தமிழ் 'ன்' வந்துவிட்டது. வாயைத் திறந்தபடியே, நாக்கைக் கீழே கிடத்தி நிறுத்துங்கள்.

1914இல் பினாங்குக்கு அருகே எம்டன் மூழ்கடித்த பிரெஞ்சுக் கப்பலின் பெயர் 'மூஸ்கெ'. கடைசியில் டீ எழுத்து இருக்கிறதே, ஏன் சொல்வதில்லை? – வாசகர், ஜார்ஜ்டவுன்

அந்த ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கை அடுத்து மூழ்கியது 'மூஸ்கெ'. பெயரின் பொருள் பழங்காலத் துப்பாக்கி. பிரெஞ்சில் சொல்லின் கடைசியில் வரும் டீ, டி, எஸ், பீ போன்றவை பெரும்பாலும் ஒலிப்பதில்லை. ஆனால் பின்னொட்டு சேர்ந்ததும் அந்த எழுத்து புதிய அசையின் தலையில் ஏறி வாய்திறக்கும்: மூஸ்-கெ-தெர் (அந்தத் துப்பாக்கி ஏந்திய வீரன்).

எழுத்துப் பிழை தவிர்க்க இதைத் திருப்பிப் பயன்படுத்துவார்கள். ஒரு சொல்லின் கடைசி எழுத்து ஐயமாக இருந்தால் பெண்பாலைச் சொல்லிப் பாருங்கள். வினையை, தொழில்பெயரைச் சொல்லிப் பாருங்கள். ப்லோ(ன்) (ஈயம்) கடைசியில் என்ன? ப்லோ(ன்)ப்யே (குழாய் பழுதுபார்ப்பவர்) இருப்பதால் பி. காலோ (குதிரைப் பாய்ச்சல்), காலோபே என்பதால் பீ. சா(ன்) (இரத்தம்), சா(ன்)கே(ன்) (இரத்தம் சார்ந்த) என்பதால் ஜி.

இந்தச் சோதனை ஏமாற்றும் சொற்களைத் தனியாக எழுதி வைக்க வேண்டும். ஆப்ரி (புகலிடம்), பீஜூ (நகை), ந்யூமேரோ (எண்) ஆகியவற்றின் முடிவில் டீ கிடையாது. ஆனால் ஆப்ரிதே, பீஜூத்யே, ந்யூமேரோதே என்ற கிளைகளில் டீ முளைத்திருக்கிறது. ஒலிக்காத டீயில் முடியும் சொற்கள் ஏராளம். அவற்றைப் பார்த்து இவையும் இணைப்பு மெய்யாக டீயை எடுத்துக்கொண்டன. ஜ்யூ (சாறு) எஸ்ஸில் முடிகிறது, ஜ்யூதே (சாறு நிறைந்த) டீ போடுகிறது. நம் தோட்டங்களை நிறைத்திருந்த ரப்பரும் இந்தக் கூட்டம்தான்: 'காவுச்சூ' சி எழுத்தில் முடியும், 'காவுச்சூதே' (ரப்பர் பூசு) என்றால் டீ.

பாலிக் பூலாவ் பக்கம் ஜாதிக்காய், கிராம்பு, மாங்காய், தென்னை எல்லாம் உண்டு. மரங்களின் பிரெஞ்சுப் பெயரைப் பழத்திலிருந்தே உண்டாக்கலாமாமே? – வாசகி, பாலிக் பூலாவ்

ஆம். 'யே' என்று ஒலிக்கும் ஐ-இ-ஆர் பின்னொட்டு போதும். ம்யூஸ்காத் (ஜாதிக்காய்) – ம்யூஸ்காத்யே, ஜிரோஃப்ல் (கிராம்பு) – ஜிரோஃப்லியே, பானான் – பானான்யே. பழம் பெண்பாலாக இருந்தாலும் மரம் ஆண்பால். இதை மறந்தால் பின்னால் வரும் பெயரடைகள் எல்லாம் பிழையாகும். மா(ன்)க் (மாம்பழம்) சொல்லில் ஜிக்குப் பின் யு இருக்கிறது. மா(ன்)க்யே (மாமரம்) எழுதும்போது அந்த யுவை விட்டால் ஜி 'ஜ' ஒலிக்குப் போய்விடும். கொகோ (தேங்காய்) ஓ ஒலியில் முடிவதால் டீ செருகி கொகோத்யே. தோப்பு என்றால் இன்னொரு பின்னொட்டு: கொகொத்ரெ (தென்னந்தோப்பு), பால்மெரெ (பனை வகைத் தோட்டம், செம்பனைத் தோட்டத்துக்கும் இதைச் சொல்வார்கள்).

கோப்பிக் கடைக்குப் போனால் கவனம். காஃபேயே காப்பிச் செடி. காஃப்த்யே கடைக்காரர். காஃப்த்யெர் காப்பிப் பானை. தேநீரில் தேயே செடி, தேயெர் பானை. பெண்பால் வடிவம் பாத்திரத்துக்குப் போகும் என்பது நல்ல குறிப்பு. ஆனால் சர்க்கரைக் கிண்ணம் 'ஸ்யூக்ரியே' ஆண்பாலாகவே நிற்கிறது. அந்த ஸ்யூக்ரியேயில் ஓர் அசை கூடுவதையும் பாருங்கள். பிரியாத ஜோடிக்குப் பின் ஐ வந்தால் அடுத்த உயிரோடு ஒட்டாமல் தனி அசையாக நிற்கும்: ஸ்யூ-க்ரி-யே. 'ப்யே' (பாதம்) என்றால் ஒரே அசை.

'ஒபிதால்' (மருத்துவமனை) தலையில் தொப்பி, 'ஒஸ்பிதால்யே' என்றால் தொப்பியும் காணோம், எஸ் வேறு வந்துவிடுகிறது. – வாசகர், பங்சார்

தொப்பிக் குறி (உயிரெழுத்தின் மேல் கூரை போல் போடுவது) பல சொற்களில் மறைந்த எஸ்ஸின் அடையாளம். பேச்சு வழியாக வந்த சொல்லில் எஸ் தேய்ந்தது. லத்தீனிலிருந்து பின்னால் எடுத்த கிளையில் அப்படியே இருக்கிறது. ஃபொரெ (காடு) – ஃபொரெஸ்த்யே, ஃபெத் (விழா) – ஃபெஸ்தீஃப். சொல்லின் தொடக்கத்தில் எஸ் போன இடத்தில் ஏறும் கோட்டு 'ஏ' உட்கார்ந்திருக்கும்: ஏகொல் (பள்ளி) – ஸ்கொலெர், ஏதுவால் (விண்மீன்) – ஸ்தெலெர். ஹாஸ்பிட்டல், ஃபாரஸ்ட், ஸ்கூல், ஸ்பைஸ் என்ற ஆங்கிலச் சொற்கள் அந்த எஸ்ஸைக் காப்பாற்றி வைத்திருப்பதால் நமக்கு வேலை எளிது.

எல்லாத் தொப்பிக்கும் எஸ் தேடாதீர்கள். க்ராஸ் (அருள்) – க்ராஸ்யே, போல் (துருவம்) – போலெர், கோன் (கூம்பு) – கோனீக்: கிளையில் தொப்பி மட்டும் கழன்றுவிடும், எஸ் ஒன்றும் வராது.

'ஒனேர்' (மானம்) என்றால் என் இரண்டு, 'ஒனோரே' (மதிப்பளி) என்றால் ஒன்று. ஏன்? – வாசகி, செராஸ்

இதில் அசை உதவாது. காதுக்கு இரண்டும் ஒன்றே. இரட்டை எழுத்து பேச்சு வழி வந்த சொல்லின் தழும்பு. லத்தீன் வடிவத்தை ஒட்டி அமைந்த கிளைகளில் ஒன்றுதான். தொனே (கொடு) இரண்டு, தொனாஸ்யோ(ன்) (நன்கொடை) ஒன்று. நொமே (பெயரிடு) எம் இரண்டு, நொமினாஸ்யோ(ன்) எம் ஒன்று. ஆங்கிலத்தில் டொனேஷன், நாமினேஷன் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாக வரும். 'ஒனெல்', 'ஒனெர்' என்று முடியும் பெயரடை, தொழில்பெயர்களில் இந்தத் தந்திரம் தோற்கும்: த்ராதிஸ்யோனெல், மில்யோனெர் இரண்டிலும் என் இரண்டு. 'ஒனால்' முடிவில் பொதுவாக ஒன்று: நாஸ்யோனால், ரேஜ்யோனால். மில்யோனெர் இரட்டித்தாலும் மில்யோன்யெம் (பத்து லட்சமாவது) ஒற்றைதான். இதற்கு நியாயம் தேடினால் தலைவலி மிச்சம்.

பிரெஞ்சில் விண்ணப்பக் கடிதம் தட்டச்சு செய்கிறேன். வரி முடிவில் கணினி கண்ட இடத்தில் சொல்லை உடைக்கிறது. – வாசகர், கெப்போங்

முதலில் அந்தப் பத்தியின் மொழியைப் பிரெஞ்சு என்று மாற்றுங்கள். ஆங்கிலமாக இருந்தால் ஆங்கில விதிப்படி வெட்டும். முதல் கேள்வியில் பார்த்த பிரியாத ஜோடிகள் உடையும். கையால் வெட்டுவதானால் எழுத்தசைப்படி வெட்டுங்கள், இரட்டை மெய்யின் நடுவே வெட்டலாம். இரண்டு உயிருக்கு நடுவில் வரும் எக்ஸ், ஒய் எழுத்துக்கு முன்னும் பின்னும் கூடாது: தாக்ஸி, வ்வாயாஜ் முழுதாகவே நிற்க வேண்டும். அடுத்தடுத்து வரும் உயிர்களைப் பிரிக்கக்கூடாது. மேற்கோள் கொம்புக்குப் (அப்பாஸ்ட்ரஃபி) பின் வெட்டக்கூடாது. ஒற்றை எழுத்தை வரி முடிவில் தனியே விடுவதும், ஒலிக்காத 'இ' அசையை அடுத்த வரிக்குத் தள்ளுவதும் அச்சகத்தார் தவிர்ப்பவை. ஒரு பக்கக் கடிதத்துக்கு இவ்வளவு தேவையா என்றால் தேவையில்லை: வலப்பக்கச் சீரமைப்பை எடுத்துவிட்டு, சொல் வெட்டும் வசதியை அணைத்துவிடுங்கள்.